ஊதாவாக மாறிய கிணற்றுக் கல்

நான் வேலை பார்த்த துறைக்குப் புதிய எக்ஸ்ரே கருவி வந்திருக்கிறது. ஒரு சிட்டிகைக் கல்பொடியை உள்ளே வைத்தால், அது கடலில் பிறந்ததா தரையில் பிறந்ததா என்று கோடுகளாக வரைந்து கொடுத்துவிடுமாம். பார்க்க வாருங்கள் என்று அங்கே படிக்கிற பிள்ளைகள் கூப்பிட்டார்கள். போனேன். குளிரூட்டிய அறை. வாசலில் செருப்பைக் கழற்றச் சொன்னார்கள். கருவி ஒரே சுருதியில் முனகிக்கொண்டிருந்தது. “அந்தக் காலத்துல நீங்கள்லாம் இதை எப்படி சார் கண்டுபிடிச்சீங்க?” என்று ஒரு பெண் கேட்டாள். கேள்வியில் கொஞ்சம் இரக்கமும் இருந்தது. நின்றபடி சொல்லி முடிக்கிற பதில் இல்லை அது. எழுதித் தருகிறேன் என்று சொல்லிவிட்டு வந்தேன்.

நான் விஞ்ஞானி இல்லை, ஆய்வுக்கூட உதவியாளன். டி. கல்லுப்பட்டிக்காரன். வேதியியலில் ஒரு பட்டம் வாங்கிக்கொண்டு, எழுபதுகளின் தொடக்கத்தில் மதுரையில் ஒரு கல்லூரியின் கடலாய்வுப் பிரிவில் சேர்ந்தேன். ஐம்பது வயதில் விருப்ப ஓய்வு பெற்று வெளியே வந்துவிட்டேன். ஏன் வந்தாய் என்று கேட்பவர்களுக்கு ஒவ்வொரு தடவையும் வேறு பதில் சொல்கிறேன். எல்லாமே உண்மைதான்.

மதுரையில் கடலாய்வு என்றால் சிரிப்பார்கள். கல்லூரி வாசல் டீக்கடைக்காரர் தினமும் கேட்பார். “என்னண்ணே, தெப்பக்குளத்துல இன்னைக்குச் சுறா ஏதும் ஆம்புட்டுச்சா?”

“ரெண்டு ஆம்புட்டுச்சு. மசாலா தடவி வையுங்க, வாரேன்.”

கடல் எங்களுக்குப் பஸ்ஸின் கூரையில் வந்தது. மூடி இறுக்கிய பாட்டில்களில், கோணிச் சாக்குகளில், ஃபார்மலின் டின்களில் வந்தது. கரையொதுங்கிய எண்ணெய்ப் படலம், ஆலைத் தண்ணீர் கலந்த கழிமுகத்துச் சேறு, வெடி போட்டுப் பிடித்த மீனின் கிழிந்த செவுள். கடலுக்கு மனிதர்கள் செய்கிற எதிலும் ஒரு சிட்டிகை எப்படியும் எங்கள் மேசைக்கு வந்து சேர்ந்துவிடும். அலையைக் கரையிலேயே விட்டுவிட்டு, இரைச்சலை வழியில் உதறிவிட்டு, உப்பும் நாற்றமும் மட்டுமாக வந்து சேரும். முதல் இரண்டு வருடம் குடுவை கழுவினேன். அடுத்த இரண்டு வருடம் எடை போட்டேன். அதற்கப்புறம்தான் என்னை அடுப்புப் பற்றவைக்க விட்டார்கள். பயிற்சி என்பது அவ்வளவுதான்.

விட்டவர் டாக்டர் எஸ்தர், எங்கள் பிரிவின் தலைவி. மிஷன் பள்ளி ஆசிரியர் ஒருவரின் மகள். மாதத்தில் பத்து நாள் கடற்கரையில் இருப்பார். படகில் போய், முகத்தில் கண்ணாடியைக் கட்டிக்கொண்டு தண்ணீருக்குள் தலையை விட்டுப் பாறைகளைப் பார்ப்பார். மற்ற இருபது நாள் எங்களைப் பார்ப்பார். கடைநிலை ஊழியர் முத்திருளாண்டி உட்பட எல்லோரையும் ‘நீங்க’ என்றுதான் சொல்வார். அது அன்பா தூரமா என்று எங்களால் கடைசிவரை கண்டுபிடிக்க முடியவில்லை.

ஒரு முடிவை எடுத்துக்கொண்டு போய் நீட்டினால் வாங்க மாட்டார். “முடிவு இருக்கட்டும். கையைச் சொல்லுங்க” என்பார். கை என்றால் கை செய்த வேலை. குடுவையை எதில் கழுவினேன், எத்தனை தடவை, எங்கே கவிழ்த்தேன், எப்போது நிமிர்த்தினேன், அடுப்பை எப்போது தணித்தேன் என்று வரிசையாகச் சொல்ல வேண்டும். கண்ணை மூடிக்கொண்டு கேட்பார். ஒரு படியைத் தாண்டிச் சொன்னால் கண் திறக்கும். அந்தக் கண் திறப்பதைவிட அவர் திட்டிவிடலாம் என்று எல்லோருக்கும் தோன்றும். நோட்டில் தப்பாக எழுதியதை அழிக்கவும் கூடாது. ஒரே ஒரு கோடு, அடியில் இருப்பது படிக்கிற மாதிரி. பக்கத்தில் கையெழுத்து.

எழுபதுகளின் கடைசியில் அந்த வேலை எங்களிடம் வந்தது. ராமநாதபுரம் கரைக்கு அப்பால் இருக்கும் தீவுகளைச் சுற்றிப் பவளப்பாறைகளைக் கடப்பாரையால் பெயர்த்து, தோணியில் ஏற்றி, கரையிலிருந்து லாரியில் கொண்டுபோனார்கள். அனுமதி வாங்கித்தான். அனுமதியைப் புதுப்பிக்க வேண்டிய காலம் வந்ததும், புதுப்பிக்கக் கூடாது என்று எஸ்தர் எழுதினார். பாறை போனால் மீன்குஞ்சுகள் ஒதுங்க இடம் இருக்காது, அலை நேராகத் தீவின் மணலில் வந்து விழும் என்று எழுதினார். கல் எடுப்பவர்கள் சுருக்கமாகப் பதில் சொன்னார்கள். நாங்கள் எடுப்பது கொஞ்சம்தான், கரையோர ஊர்களின் தேவைக்கே அது சரியாகிவிடும், மதுரைப் பக்கத்தில் சுண்ணாம்பு சுடும் காளவாசல்களெல்லாம் தரையில் தோண்டிய கல்லைத்தான் எரிக்கின்றன என்றார்கள். ஓர் அதிகாரி மதுரையில் விசாரணை வைத்தார். காளவாசல்களில் எரிவது கடல்கல்லா தரைக்கல்லா? அதை எங்கள் ஆய்வுக்கூடம் சோதித்துச் சொல்ல வேண்டும். கடல்கல் என்று ருசுவானால் அனுமதி நிற்கும். அனுமதி நின்றால் மிச்சமிருக்கும் பாறைகள் நிற்கும்.

நகரைச் சுற்றிப் பதினான்கு காளவாசல்கள் இருந்தன. நானும் முத்திருளாண்டியும் ஒரே சைக்கிளில் போனோம். எரிப்பதற்காக உடைத்துப் போட்டிருக்கும் ஜல்லியில் ஒரு கை அள்ளி, காகிதப் பையில் போட்டு, எண் எழுதிக்கொண்டு வந்தோம். முழுக்கல்லைத் தார்ப்பாய் போட்டு மூடியிருந்தார்கள். உடைந்த ஜல்லியில் புழுதி படிந்துவிட்டால் எல்லாம் ஒரே கல்தான். தவிர, ‘கண்ணால் பார்த்தேன்’ என்பது விசாரணையில் செல்லாது.

சோதனை இதுதான். கல்லை உரலில் பொடித்து மல்துணியில் சலிக்க வேண்டும். ஒரு சிட்டிகை எடுத்துச் சோதனைக் குழாயில் போட்டு, கோபால்ட் நைட்ரேட் கரைசலை ஊற்றிக் கொதிக்கவிட வேண்டும். கரைசல் பன்னீர்ரோஜா நிறத்தில் இருக்கும். பிறகு பொடியைக் கழுவிப் பார்த்தால் தரைக்கல் வெள்ளையாகவே நிற்கும். கடல்கல் கத்தரிப்பூ மாதிரி ஊதாவாகும். இரண்டும் ஒரே சுண்ணாம்புதான். ஆனால் கடலுயிர் கட்டிய சுண்ணாம்பில் அடுக்கு வேறு. சாயம் அந்த அடுக்கைத் தேடிப்போய்ப் பற்றிக்கொள்ளும். நெருப்பில் விழுகிற நிமிடம் வரை அந்தக் கல் தன் ஊர்ப்பேரைச் சொல்லிக்கொண்டே இருக்கும்.

அதற்கு ஒரு விதி உண்டு. ஒவ்வொரு நாளும் வேலையைத் தொடங்குமுன், சந்தேகமே இல்லாத தரைக்கல் ஒன்றைச் சோதிக்க வேண்டும். ஒப்புக்கல் என்போம். ஒப்புக்கல் வெள்ளையாக வந்தால்தான் அன்றைய மற்றச் சோதனைகளை நம்பலாம். நோட்டில் ஒவ்வொரு நாளும் முதல் வரி அதற்குத்தான்.

முதல் நாள் செய்தேன். வெள்ளை. காளவாசல் கல்லைத் தொடுமுன்பே ஒரு வாரம் வேலை நின்றது. கல்லூரிக்குப் பார்வைக்குழு வருகிறது என்று எல்லாக் கட்டடத்துக்கும் வெள்ளையடித்தார்கள். எங்கள் அறைக்கும்தான். அது முடிந்து மறுபடி உட்கார்ந்தபோது, நோட்டில் ‘ஒப்புக்கல்: வெள்ளை’ என்று எழுதிவிட்டு நேராக அடுத்த வேலைக்குப் போனேன். மறுநாளும் அப்படியே. அதே கல், அதே கரைசல், வெள்ளை எங்கே போய்விடும்? ஆறு நாள் எழுதினேன், ஒரு நாள்கூடச் செய்யவில்லை. பதினான்கு காளவாசல்களும் ஊதா. தட்டச்சு செய்து வைத்தேன். கடற்கரையிலிருந்து அன்றைக்குத்தான் வந்திருந்த எஸ்தர் நின்றபடியே கையெழுத்துப் போட்டார். கடிதம் போனது. பதினான்கு பேருக்கும் அதிகாரியின் நோட்டீஸ் போனது.

விசாரணைக்கு எட்டு நாள் இருக்கும்போது ஒரு பெண்மணி எங்கள் படியேறி வந்தார். நாற்பது நாற்பத்தைந்து வயது இருக்கும். முழங்கை வரைக்கும் சுண்ணாம்பு பட்டு வெந்த வடுக்கள்.

“இங்கன யாரு என் கல்லுக்குக் கலர் பாத்தது?”

“நாந்தான்.”

“நீயா தம்பி? பாத்தா நல்ல பிள்ளையாத்தான் தெரியிற. ஏன் இப்பிடிப் பண்ணுன?”

அவர் மரியபுஷ்பம். அப்பா விட்டுப்போன காளவாசலை மேற்கே, ஊருக்கு வெளியே, இருபது ஆட்களை வைத்து நடத்திக்கொண்டிருந்தவர். நோட்டீஸ் வாங்கியவர்களில் ஒருவர். கையிலிருந்த மஞ்சள் பையை என் மேசையில் கவிழ்த்தார். முண்டும் முடிச்சுமாக நாலைந்து சுக்கான் கற்கள் உருண்டன. எங்கள் சமவெளியில் எங்கே தோண்டினாலும் வருகிற சுண்ணாம்புக் கல்.

“எங்க தோட்டத்துல கெணறு வெட்டுறப்ப வந்தது. இருவதடி ஆழத்துல. அங்கிட்டுக் கடலு கெடையாது, கம்மாகூடக் கெடையாது. இதுக்குக் கலர் பாரு. எங்கண்ணு முன்னால பாரு.”

“அக்கா, வந்த ஒடனே அப்பிடியெல்லாம் பாக்க முடியாது” என்றார் முத்திருளாண்டி.

“ஏன், நல்ல நேரம் பாக்கணுமோ?”

பார்த்துவிடலாம் என்று நினைத்தேன். வெள்ளையாக வரும், வாயை மூடிக்கொண்டு போவார் என்று உள்ளுக்குள் ஒரு திமிர் எனக்கு. பொடித்தேன், சலித்தேன், மேசையில் கண்ணாடித் தட்டில் வைத்தேன். கொதிக்கவிட்டேன், கழுவினேன். குழாயைச் சன்னல் வெளிச்சத்தில் தூக்கிப் பிடித்தேன்.

ஊதா.

அந்த அம்மாள் சிரிக்கவில்லை. குழாயையும் என்னையும் மாறி மாறிப் பார்த்தார். “என்ன தம்பி, எங்க கெணத்துக்குள்ள கடலு வந்துருச்சா?”

அவர் மேசையின் மேல் விரலை வைத்து ஓர் இழுப்பு இழுத்தார். விரலைப் பார்த்தார். சுவரில் உள்ளங்கையை ஒற்றி எடுத்தார். அப்புறம் அண்ணாந்து, சுற்றிக்கொண்டிருந்த மின்விசிறியைப் பார்த்தார்.

“இதுக்கு எவன் வெள்ளையடிச்சது? வஜ்ரம் போடாம அடிச்சிருக்கான். கை வச்சா மாவா ஒட்டுது. காத்தாடி போட்டாப் பூராம் கீழதான உதிரும்? இந்தக் காலேசுக்கு நாலு மூட்டை நாந்தான் குடுத்தேன். எஞ் சுண்ணாம்ப எங்கல்லுல போட்டுக்கிட்டு என்னையவே கேஸ் எழுதுறீங்களா?”

சுவரில் வெள்ளை ஒட்டி நிற்பதற்காகக் காய்ச்சி ஊற்றுகிற பசைதான் வஜ்ரம். முத்திருளாண்டி மெல்லச் சொன்னார். “அடிச்சது எம் மாப்ளதான்க்கா. வஜ்ரம் காய்ச்சினா நாறும், பெரிய மனுசங்க வார எடம்னு விட்டுட்டானாம்.”

“நாறுனா நாறட்டும்னு விட வேண்டியதான? இப்ப எது நாறுது?”

சுட்ட சுண்ணாம்பு பட்டாலே அந்தக் கரைசல் நீலம் காட்டும். கல்லூரி முதல் வருடத்திலேயே படித்தது. வெள்ளையடித்த நாளிலிருந்து ஒவ்வொரு கல்லின்மீதும், ஒவ்வொரு கண்ணாடித் தட்டின்மீதும் அது உதிர்ந்துகொண்டே இருந்திருக்கிறது. ஒரே ஒரு நாள் ஒப்புக்கல்லைக் கொதிக்கவைத்திருந்தால் அதுவும் நிறம் மாறி என்னை எச்சரித்திருக்கும். நான் அதைக் கேட்கவே இல்லை. கேட்காமலே அதன் பதிலை எழுதிவிட்டேன்.

மறுநாள் காலையில் எஸ்தரின் அறைக்குப் போனேன். சோதனையில் பிசகு இருக்கிறது என்றேன்.

“கையைச் சொல்லுங்க.”

கண்ணை மூடினார். உரலைக் கழுவியதிலிருந்து தொடங்கினேன். மல்துணி, தட்டு, குழாய். குரல் எனக்கே அந்நியமாக ஒலித்தது.

“ஒப்புக்கல்லை எடுத்தீங்க. அப்புறம்?”

“எடுக்கல, மேடம்.”

கண் திறந்தது. “எத்தனை நாள்?”

“முதல் நாளைத் தவிர எல்லா நாளும்.”

எழுந்துபோய் மின்விசிறியை நிறுத்தினார். பிறகு நோட்டை என் பக்கம் தள்ளினார். ஆறு நாள், ஆறு வரி. ஒவ்வொன்றையும் ஒரே கோட்டால் அடித்துக் கையெழுத்துப் போட்டேன். என் பேர் அத்தனை அசிங்கமாக இருந்து நான் பார்த்ததில்லை. கடைசிக் கையெழுத்துக்குக் கீழே அவரும் பேனாவை எடுத்துக் கையெழுத்திட்டார்.

“பதினாலும் ஒரே நிறம்னு வந்தப்பவே நான் உங்களைக் கேட்டிருக்கணும். எனக்கு வேண்டிய பதில் வந்துச்சு. கேக்காம விட்டுட்டேன்.”

“மேடம், விசாரணைக்கு ஏழு நாள்தான் இருக்கு. இப்பப் போய் லெட்டரைத் திரும்ப வாங்கினா அவங்க நம்மள உண்டு இல்லைன்னு பண்ணிருவாங்க. எப்படியும் பாதிக் காளவாசல்ல கடல்கல்லுதான் எரியுது, நமக்குத் தெரியும்ல?”

“நமக்குத் தெரியாது. சந்தேகம் இருக்கு” என்றார்.

அன்றைக்கே கடிதம் எழுதினார். முதல் வரி: ‘எங்கள் முந்தைய முடிவு தவறு.’ இரண்டாம் வரி: ‘தவறு எங்கள் ஆய்வுக்கூடத்தில் நடந்தது.’ என் பெயர் எங்கும் இல்லை. மூன்றாம் வரியில், எல்லாக் கல்லையும் திரும்பச் சோதித்து விசாரணையன்று நேரில் சொல்கிறோம் என்றிருந்தது.

எங்கே சோதிப்பது? மதுரையில் சுண்ணாம்பு படாத ஓர் அறையைத் தேடிப் பாருங்கள். வகுப்பறை, விடுதி, சமையல்கூடம், எல்லாமே வெள்ளை. முத்திருளாண்டி கல்லூரி முழுக்கச் சுற்றிவிட்டு வந்தார். “பிரின்சிபால் ரூம்தான் சார் டிஸ்டெம்பர். அவரைக் கொஞ்ச நாள் வெளிய உக்காரச் சொல்வமா?” கடைசியில் கல்லூரிப் பேருந்து நிற்கும் கொட்டகையில் இடம் பிடித்தோம். நாலு பக்கமும் தகரம், மேலேயும் தகரம். பேருந்தை வெளியே விட்டுவிட்டு மேசையை உள்ளே போட்டோம். சித்திரை வெயிலில் தகரம் படபடவென்று வெடித்துக்கொண்டிருந்தது. உள்ளே அடுப்பு. முதுகில் வழிகிற வேர்வை மேசையில் சொட்டாமல் வேலை செய்ய வேண்டும்.

புதிதாகக் கல் அள்ளி வந்தோம். இந்தத் தடவை எந்தப் பை எந்தக் காளவாசல் என்று எனக்குத் தெரியாது. பட்டியல் எஸ்தரிடம் மட்டும் இருந்தது. மரியபுஷ்பம் முதல் நாளே வந்துவிட்டார். “நீங்க செய்யிறத நான் பாக்கணும்” என்றார். எஸ்தர் யோசிக்காமல் சரி என்றார். ஒரு பழைய டயரின்மேல் சேலையை ஒதுக்கிக்கொண்டு உட்கார்ந்தார் மரியபுஷ்பம். இரண்டு நாள் அந்த டயரை விட்டு அதிகம் நகரவில்லை.

“டாக்டரம்மா, எதுக்கு ஒரே சட்டிய இத்தனவாட்டி கழுவுறாரு? எங்க வீட்டு மருமக இப்பிடிக் கழுவுனாக் கெணறு வத்திப்போகும்.”

“போன தடவை செஞ்சதுல எது ஒட்டியிருக்கும்னு தெரியாதில்லையா, அதுக்கு.”

“அது என்ன, மொதல்ல வேற கல்ல வேக வைக்கிறீங்க?”

எஸ்தர் என்னைப் பார்த்தார். நான் சொன்னேன். “அது ஒப்புக்கல்லுக்கா. அது வெள்ளையா வந்தாத்தான் மத்ததை நம்பலாம்.”

“அன்னைக்கு இத வேக வைக்கலியா?”

“இல்லக்கா.”

“ஓஹோ” என்றார். இன்னும் ஏதாவது சொல்லித் தொலைத்திருக்கலாம்.

ஒப்புக்கல் வெள்ளையாக நின்றது. மரியபுஷ்பம் புதிதாகக் கொண்டுவந்த கிணற்றுக் கல்லும் வெள்ளை. முதல் பை வெள்ளை. இரண்டாவது வெள்ளை. மூன்றாவது குழாயைக் கழுவித் தூக்கியபோது உண்மையான ஊதாவைப் பார்த்தேன். நான் முன்பு ஊதா என்று எழுதியதில் நீலம் கலந்திருந்தது. இதில் நீலமே இல்லை. தெளிவாக, அமைதியாக, தகரக் கொட்டகையின் நடுவே ஒரு துளிக் கத்தரிப்பூ. பதினான்கில் எட்டு வெள்ளை, ஆறு ஊதா. ஒவ்வொன்றையும் மூன்று தடவை செய்தேன். மாறவில்லை.

எஸ்தர் பட்டியலை எடுத்தார். ஊதா வந்த எண்களுக்கு எதிரே இருந்த பெயர்களை ஒவ்வொன்றாக வாசித்தார். நான்காவது பெயர் மரியபுஷ்பம்.

தகரம் ஒருமுறை வெடித்து அடங்கியது. முத்திருளாண்டிதான் கேட்டார். “என்னாக்கா இது?”

“என்னா என்னா? எம்பட்டறையில வெள்ளையா வரும்னு நானும் நெனக்கலையே.”

“பின்ன எதுக்குக்கா பையத் தூக்கிக்கிட்டுச் சண்டைக்கு வந்தீங்க?”

“ஏன், வரக் கூடாதா? நான் கெணத்துக் கல்லும் எரிச்சேன், கடக்கல்லும் எரிச்சேன். கடக்கல்லு ஒரு வண்டி வெறகுல வெந்துரும். சுக்கானுக்கு ரெண்டு வண்டி வேணும். அதான் வாங்குனேன். அதுக்குக் கேளு, பதில் சொல்றேன். கடக்கல்லையே கண்ணுல பாக்காத எட்டுப் பேரையும் சேத்து, எங்கெணத்தையும் சேத்து எழுதுனீங்கல்ல, அதுக்கு விட முடியுமா?” பையை உதறி மடித்துக்கொண்டார். “சரி, வாரேன் டாக்டரம்மா. அங்கன பாப்போம்.”

விசாரணைக் கூடத்தில் நாங்கள் பயந்தபடியே நடந்தது. கல் எடுப்பவர்களுக்காக வந்திருந்த வக்கீல் எங்களுடைய இரண்டு கடிதங்களையும் இரண்டு கையில் பிடித்துக்கொண்டார். “போன வாரம் பதினாலு. இந்த வாரம் ஆறு. ஐயா இன்னும் ஒரு வாரம் பொறுத்தா ஒண்ணுமே இல்லைன்னு வந்துரும்” என்றார். கூடம் சிரித்தது. எஸ்தர் எழுந்து என்ன தவறு நடந்தது, எப்படித் திருத்தினோம் என்று சொன்னார். உரலைக் கழுவியதிலிருந்து. அந்தக் கூடத்தில் அதை யாரும் கண்ணை மூடிக்கொண்டு கேட்கவில்லை. அதிகாரி கடிகாரத்தைப் பார்த்தார். “ஒருமுறை தவறிய சோதனையை வைத்து எப்படி முடிவு செய்வது?” என்று குமாஸ்தாவிடம் சொல்லத் தொடங்கினார். என்னுடைய ஆறு வரிகள், தீவைச் சுற்றியிருந்த பாறைகளையெல்லாம் தோணியில் ஏற்றிக்கொண்டிருந்தன.

“ஐயா, நான் ஒண்ணு சொல்லணும்.”

பின்வரிசையில் காளவாசல்காரர்களுக்கு நடுவே மரியபுஷ்பம் நின்றார். பக்கத்திலிருந்தவர் சேலையைப் பிடித்து இழுத்தார். “அக்கா, உக்காரு. நீ பாட்டுக்கு...”

“சும்மா இருடா. ஐயா, அந்த ஆறுல ஒண்ணு என்னுது. சரியாத்தான் சொல்லியிருக்காங்க. கடக்கல்லுதான். வாரம் ரெண்டு லாரி எறங்குது.”

வக்கீல் திரும்பினார். “ஏம்மா, போன தடவை தப்புன்னு நீங்கதான சண்டை போட்டீங்க?”

“போன தடவை தப்பு. அதான் போட்டேன். இந்தத் தடவை கூடவே உக்காந்து பாத்தேன். எங்கெணத்துக் கல்லு வெள்ளையா வந்துச்சு, எங் கடக்கல்லு ஊதாவா வந்துச்சு. பெறகு நான் என்னான்னு சொல்ல?” உட்காரப்போனவர் மறுபடி நிமிர்ந்தார். “மத்த அஞ்சு பேரும் இங்கனதான் இருக்காக. அவுகளையும் கேளுங்க. பொய் சொன்னா மூஞ்சியப் பாத்தாத் தெரியும்.”

அதிகாரி கேட்டார். ஐந்து பேரும் தரையைப் பார்த்தார்கள். ஒருவர் மட்டும், எப்போதாவது ஒரு லாரி என்றார். அந்த வருடம் அனுமதி புதுப்பிக்கப்படவில்லை. ஆறு காளவாசல்களிலும் கிடக்கும் கடல்கல்லை மறு உத்தரவு வரும்வரை எரிக்கவோ விற்கவோ கூடாது என்று எழுதினார்கள்.

வெளியே படிக்கட்டில் மரியபுஷ்பம் எங்களுக்காகக் காத்திருந்தார். மற்றக் காளவாசல்காரர்கள் அவரைத் தாண்டிப் போனார்கள். ஒருவரும் முகம் கொடுக்கவில்லை.

“டாக்டரம்மா, நான் சொல்ல வேண்டியதச் சொல்லிட்டேன். நாளைக்கு எதை எரிக்கிறது? எங்கிட்ட இருவது பேரு வேல பாக்குறாக. அதையும் உங்க குழாயில போட்டுப் பாத்துச் சொல்லுங்க.”

வெயில் எஸ்தரின் கண்ணாடியில் பட்டுக் கண்ணை மறைத்தது.

“அதுக்கு எங்கிட்ட சோதனை இல்லம்மா.”

“ம். இதையாவது மொதல்லயே சரியாச் சொன்னீங்க” என்று சொல்லிவிட்டு அவர் பஸ் நிறுத்தத்தை நோக்கி நடந்தார்.

சுக்கான் கல்லையே எரித்து, இரண்டு மடங்கு விறகு போட்டு, மூன்று வருடம் தாக்குப்பிடித்தார். அதற்குள் வீடுகளுக்கு சிமெண்ட் பூச்சு வந்துவிட்டது. காளவாசலை நிறுத்திவிட்டு சிமெண்ட் கடை வைத்தார். ஆட்களில் பாதிப்பேர் செங்கல் சூளைகளுக்குப் போனார்கள். தீவுகளில் கல் எடுப்பது அத்தோடு ஒழிந்தது என்று யாராவது சொன்னால் நான் தலையாட்ட மாட்டேன். சில வருடம் குறைந்தது, அவ்வளவு எனக்குத் தெரியும்.

மறு உத்தரவு வரவே இல்லை. மரியபுஷ்பத்தின் முற்றத்தில் கடல்கல் குவியல் அப்படியே கிடந்தது. எரிக்க முடியாது, விற்க முடியாது. திருப்பிக் கொண்டுபோய்க் கடலில் வைத்தால் ஒட்டிக்கொள்கிற பொருளும் இல்லை. தார்ப்பாயும் கிழிந்துபோனது. ஆடுகள் ஏறி நின்றன. ஒருநாள் அதிகாரியிடம் அனுமதி வாங்கிக்கொண்டு எஸ்தர் என்னையும் அழைத்துக்கொண்டு அங்கே போனார். இத்தனை வருடம் கடலாய்வில் இருந்த நான் பவளத்தை முழுசாகப் பார்த்தது அன்றைக்குத்தான். அதுவரை எனக்கு அது பொடி. மூளையின் மடிப்பு மாதிரி ஒன்று, தேன்கூடு மாதிரி ஒன்று, விரல்களை விரித்துப் பிடித்த மாதிரி ஒன்று. விரல் நுனிகள் தேயாமல் கூராக இருந்தன. உயிரோடு இருக்கும்போது பெயர்த்ததுதான் இப்படி இருக்கும் என்றார் எஸ்தர்.

சிலவற்றை எங்கள் சேகரிப்புக்காகச் சாக்கில் கட்டிக் கொண்டுவந்து தூரிகையால் தூசி தட்டினோம். ஒவ்வொன்றுக்கும் அட்டை எழுத வேண்டும். பெயர், எடுத்தவர், கிடைத்த இடம், ஆழம். கிடைத்த இடத்துக்கு மன்னார் வளைகுடா என்று எழுதட்டுமா என்று கேட்டேன்.

“எந்தத் தீவு?”

“தெரியல, மேடம்.”

“நீங்க எங்கேருந்து எடுத்தீங்க?”

சொன்னேன். அட்டையைத் தன் பக்கம் இழுத்துக்கொண்டு அவரே எழுதினார். கிடைத்த இடம்: காளவாசல் முற்றம், மதுரை. ஆழம் என்ற கட்டத்துக்கு வந்ததும் பேனா நின்றது. பிறகு எழுதினார்: இல்லை. வெயிலில் கிடந்தது.